பாயசத்துக்குப் பிறகும் சோறு உண்டு

அயர்லாந்தில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் என் உருளியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நாகர்கோவில் வடசேரியில் இருபது வருடமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். தட்டத் தெரியாதவர் வெண்கலத்தைத் தட்டினால் எனக்கு எரிச்சல் வரும். அதை வாங்கி விளிம்பில் சுண்டிக் காட்டினேன். ஓசை அடங்கும்வரை அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இது எதற்கு?" என்றார். பாயசம் வைக்க என்றேன். பாயசம் என்றால் என்ன என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன். அடைப்பிரதமனை விளக்க ஆரம்பித்தால் அடி விழும் என்று பட்டது. "இனிப்பு" என்று முடித்துக்கொண்டேன்.

உருளி கேட்டவர் என் தங்கை சுபாவின் கணவர் நாகராஜன். அவர்கள் இருவரும் மகள் மீனுவும் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊருக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. சுபா அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். நாகராஜன் ஊரில் பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவர். அங்கே அவர் படிப்புக்கு வேலை அமையவில்லை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஊர்ப் பொதுமண்டபத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவப் போனார். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடும் சமையலறை அது. அதை நடத்திவந்த அம்மாளுக்கு முழங்கால் வலி, இனி முடியாது என்று சொல்லிவிட்டார். "நான் நடத்துகிறேன்" என்று நாகராஜன் கேட்டார். மண்டபக் கமிட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குச் சமைத்துப் போடுங்கள், பிறகு பேசுவோம் என்றது.

இதற்கிடையில் நாகர்கோவிலில் அவருடைய பழைய கல்லூரியிலிருந்து, திரும்பி வந்தால் இடம் இருக்கிறது, உடனே பதில் சொல்லுங்கள் என்று முதல்வர் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சரியாக அமையாவிட்டால் மீனுவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது என்று நாகராஜன் முடிவு செய்திருந்தார். சுபாவுக்கு ஒப்பந்தம் இருந்தது. அவள் அங்கே தனியாக இருக்க வேண்டிவரும்.

ஆகவே நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. உருளி, பிரதமனுக்கு உலர்ந்த அடை, பப்படம், பெருங்காயம், இவற்றைச் சுமந்துகொண்டு போனேன். "இதுக்குப் பேரு வெளிநாட்டுப் பயணமா, சொமட்டு வேலையா?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டும்தான்.

நாகராஜன் பழைய கார் ஒன்றில் அழைக்க வந்திருந்தார். இரண்டு பக்கமும் பச்சை வயல், அதில் ஆடு, கல் அடுக்கிய வேலி, மழை. நல்ல வேளையாக மழை எனக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் பார்க்கிற மாவட்டத்துக்காரன் நான். ஆனால் எங்கள் மழைக்கு ஒரு நேர்மை உண்டு. கொட்டும், பிறகு நிற்கும். அங்கே பெய்கிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாதி வழியில் அவர் சாலையைப் பார்த்தபடியே, "மச்சான், நான் கெழங்கு தோல் சீவுக விஷயத்த ஊர்ல யாருட்டயும் சொல்லிராதேயும்" என்றார்.

"நான் எதுக்கு ஓய் சொல்லுகேன்?"

"கேட்டா, ஒரு டிரஸ்டுல இருக்கேன்னு சொல்லும்."

சரி என்றேன். கல்லூரியில் ஒரு வகுப்பையே ஒரு தொண்டைச் செருமலில் அடக்கிய மனிதர் அவர். அவர் இப்படி மெதுவாகப் பேசியது எனக்கு என்னமோ போல இருந்தது.

வீட்டில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரும்போது இந்த மனிதர் தண்ணீர் எடுத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கையை நீட்டுவதற்குள் என் அம்மா தம்ளரை வைத்திருப்பாள். அவர் இப்போது ஏப்ரன் கட்டிக்கொண்டு எனக்குத் தட்டு வைத்து, சோறு போட்டு, அயிலை மீன் குழம்பு ஊற்றினார். தங்கையின் கணவர் விளம்ப, நான் உட்கார்ந்து தின்பதா? எழுந்தேன்.

"இரியும் மச்சான். ஆறிப்போச்சுன்னா தேங்கா எண்ணெய் மேல கெட்டியாயிரும்."

உட்கார்ந்தேன். குழம்பு கொள்ளாம், பரவாயில்லை என்று சொன்னால் பொய். பிரமாதமாக இருந்தது. குடம்புளிகூட போட்டிருந்தார்.

சோறு குக்கரில் வைக்காமல் வடித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்து மாடியைக் காட்டினார். சுபாவுக்கு இரவுப் பணி. பகலில் உறங்குவாள். குக்கர் விசில் அடித்தால் விழித்துவிடுவாள் என்று அந்த வீட்டில் இரண்டு வருடமாகக் குக்கர் பரண்மேல் கிடக்கிறது. ஆறு வயது மீனு பகலில் பூனை மாதிரி நடக்கிறாள். என்னிடம் கிசுகிசுத்துதான் பேசினாள். "மாமா, நீங்க செருப்ப இழுத்து இழுத்து நடக்கியோ. அம்மா முழிச்சிருவா."

சாயங்காலம் சுபா கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள்.

"நீ எப்பம்ட்டி ஒறங்குவே, எப்பம் தின்பே?" என்றேன்.

"அதெல்லாம் பழகிட்டு அண்ணே. நீ வந்தது எனக்குப் பலமாட்டு இருக்கு." சொல்லிக்கொண்டே நின்றபடி சாப்பிட்டாள். நாகராஜன் அவளுடைய ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. அந்த இரண்டு பேரையும் நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் வழக்கமில்லை.

மறுநாள் பஸ்ஸில் போய்ப் பக்கத்து ஊர்ச் சந்தையைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினேன். நிறுத்தத்தில் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. போயும் விட்டது. நம் ஊரில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நிற்கும், நாம் ஓடுவோம், நடத்துநர் திட்டுவார், ஆனால் ஏற்றிக்கொள்வார். இங்கே ஓட்டுநர் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு தலையசைப்பு வேறு கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். மழை வேறு பிடித்துக்கொண்டது.

அப்போது சேறு அப்பிய கார் ஒன்று நின்றது. முன் இருக்கையில் ஒரு பெரிய நாய். ஓட்டியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "கையை நீட்டினால்தான் பஸ் நிற்கும். வேடிக்கை பார்க்க நிற்கிறீர்கள் என்று நினைத்திருப்பான். ஏறுங்கள்" என்றார். நாய் இடம் கொடுக்காததால் நான் பின்னால் ஆட்டுத் தீவன மூட்டையோடு உட்கார்ந்தேன். அவர் பெயர் மார்ட்டின். நான் நாகராஜனின் மைத்துனன் என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தார். கார் சற்று வேலிப்பக்கம் போனது.

"ராஜின் மைத்துனரா? நானும் மண்டபக் கமிட்டியில் இருக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள்தானே என்று கேட்டேன்.

"வருவேன். ராஜ் நல்ல மனிதர். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வாழ்நாள் முழுக்க உருளைக்கிழங்கும் இறைச்சியும்தான். என்னைப் போலத்தான் அங்கே சாப்பிட வருகிற எல்லாரும். வாரம் ஐந்து நாள் அவர் கையால் சாப்பிட முடியுமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேரிக்கும் அதே சந்தேகம்."

மேரி என்பவர் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று பிறகு தெரிந்தது. மார்ட்டின் என்னைச் சந்தை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பும்போதும் கூட்டிவந்தார். பாதி வழி அந்த நாய் பின்னால் தாவி வந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து மார்ட்டின் சொன்னதை நாகராஜனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னேன்.

"தெரியும் மச்சான்" என்றார். "அதான் அவியல்ல கெழங்கு போடுகேன்."

சந்தைப் பையைக் கீழே வைத்தேன். "அவியல்ல உருளக்கெழங்கா? எங்க அம்மை கேட்டா உமக்கு எல போட மாட்டா ஓய்."

"இங்க முருங்கக்கா எங்க இருக்கு, சேனை எங்க இருக்கு? இந்த மண்ணுல வெளையுகத வச்சுதான் அவியல். காரட்டு, பீன்சு, கெழங்கு. தேங்காயும் தயிரும் சீரகமும் நம்மது. போராதா?"

சனிக்கிழமை முழுக்க இதே வாதம். அவர் தோற்கவில்லை. ருசி பார்த்தபிறகு நான்தான் வாயை மூடிக்கொண்டேன். கிழங்கு தேங்காயை நன்றாக உறிஞ்சிக்கொண்டு, வெண்ணெய் மாதிரி இருந்தது. ஊருக்கு வந்தபிறகு இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கடை வாடிக்கையாளர்கள் குறைந்துவிடுவார்கள்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனோம். என்னைச் சமையலறைக்குள் விட வேண்டுமானால் தலையில் வலை மாட்ட வேண்டும் என்றார் நாகராஜன். வேட்டியை மடித்துக்கட்டி, தலையில் கொசுவலை போட்ட பாத்திரக் கடைக்காரனாக நின்றேன். சுபா இரவுப் பணி முடிந்து உறங்காமலேயே நேராக வந்துவிட்டாள். சீருடையோடு தண்ணீர் ஜாடிகளை மேசைகளில் வைத்துக்கொண்டிருந்தாள். "வெப்ராளமா இருக்கு அண்ணே" என்று என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் படபடப்போடு சொன்னாள்.

மதியம் மண்டபம் நிறைந்தது. நீள மேசைகள், வாழையிலைக்குப் பதில் பெரிய வெள்ளைத் தட்டுகள். கல்யாணப் பந்திகளில் விளம்பிப் பழகிய கை எனக்கு, ஆகவே விளம்பும் பொறுப்பு என்னுடையது. நாகராஜன் உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

பருப்பும் நெய்யும் பப்படமும் போட்டேன். பப்படம் நொறுங்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது, சிரித்தார்கள். சாம்பார் ஊற்றினேன். கிழங்கு அவியலை மார்ட்டின் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மேரி அம்மாள் நெட்டையாக, நிமிர்ந்து, ஒவ்வொன்றையும் கேள்வித்தாள் திருத்துவதுபோல ருசி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் ஜாடையில் சொல்ல, சுபா கண்ணை மூடித் திறந்தாள்.

பிறகு பாயச வாளியை எடுத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் நாஞ்சில் நாட்டுப் பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாயசம் கடைசியில் வருவதில்லை, நடுவில் வரும். சாம்பார் முடிந்ததும் இலையிலேயே பாயசத்தை ஊற்றுவோம். பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தைப் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டபிறகு மறுபடி சோறு வரும். அதற்குத் தயிர் சேர்த்த புளிசேரி, ரசம், கடைசியில் மோர். மதுரைக்காரர்களே இதைப் பார்த்து விழிப்பார்கள். அயர்லாந்துக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. கை பழகிய வழியில் போனது.

முதல் கரண்டி மேரி அம்மாளின் தட்டில் விழுந்தது. அடைப்பிரதமன் ஓடிப்போய்ச் சாம்பார் சோற்றைத் தொட்டு, அவியலின் ஓரத்தை நனைத்தது. அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று நானே அவருடைய பப்படத்தை எடுத்து நொறுக்கிப் போட்டு, பிசைய வேண்டும் என்று கையால் காட்டினேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள். வரிசையாக எல்லாரும் நன்றி சொல்லி, தட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி மேசைக்குப் போனபோதுதான் கரண்டிச் சத்தம் நின்றுபோனது தெரிந்தது. சிலர் சாம்பார் படாத ஓரத்திலிருந்து பாயசத்தைக் கவனமாகத் தோண்டிச் சாப்பிட்டார்கள். பிறகு யாரோ கை தட்டினார். மெல்ல எல்லாரும் தட்டினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. மார்ட்டின் எழுந்து தொப்பியை எடுத்தார். மேரி அம்மாள் எழுந்து கோட்டில் ஒரு கையை நுழைத்தார்.

பந்தியில் ரசத்துக்கு முன்னால் எழுந்தால் எங்கள் ஊரில் அது சண்டை. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் அப்படி எழுந்து போய், மூன்று தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். வாளியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். சுபாவின் முகத்தில் ரத்தம் இல்லை. உள்ளே ஓடினேன்.

"மாப்ளே, எல்லாரும் எழும்புகாவ. என்ன குத்தம் வந்துதுன்னு தெரியல்ல."

நாகராஜன் ரசக் கரண்டியோடு வெளியே வந்தார். கோட்டு மாட்டுகிறவர்களைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"பாயசத்தத் தட்டுலயா ஊத்தினீரு?"

"பொறவு தலையிலயா ஊத்துவாவ?"

"இங்க இனிப்புதான் மச்சான் கடைசி. முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டாவ."

இரண்டு வருடமாக அந்த ஊரில் அவர் யாரோடும் சத்தமாகப் பேசியதில்லை என்று சுபா சொல்லியிருந்தாள். தலையைக் குனிந்து கிழங்கு சீவியவர். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை நான் பல வருடத்துக்கு முன் அவர் வகுப்பு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். மண்டபம் அமைதியானது.

"எல்லாரும் உட்காருங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "சாப்பாடு முடியவில்லை. எங்கள் ஊரில் இனிப்பு நடுவில் வரும். அது வந்தால் பாதி ஆகியிருக்கிறது என்று அர்த்தம். என் மைத்துனர் எங்கள் வழக்கப்படி சரியாகத்தான் செய்தார். உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாதது என் தவறு. இன்னும் மூன்று இருக்கின்றன. அவற்றைச் சாப்பிடாமல் யாரையும் நான் வெளியே விடுவதாக இல்லை."

மேரி அம்மாளின் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலும் இருந்தது. "மறுபடியும் சோறு உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டி உட்கார்ந்தார். தலைமையாசிரியை உட்கார்ந்தால் ஊரே உட்காரும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது போலிருக்கிறது. நாகராஜன் சுத்தமான தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பாயசம் இன்னும் வேண்டும் என்றவர்களுக்குக் கிண்ணத்தில் கொடுத்தார். "இனி கிண்ணத்துலதான் மச்சான்" என்று என் காதில் சொன்னார்.

ரசத்தைக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தோம். வெளியே அந்த நேர்மையற்ற மழை பெய்துகொண்டிருந்தது. மார்ட்டின் ஒரு வாய் குடித்தார். இருமினார். மூக்கைத் துடைத்தார். இன்னொரு வாய் குடித்தார். "எனக்கு இந்த வயதுவரை சளி. இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கோபமாகக் கேட்டார். அவருக்கு நான் மறுபடி மறுபடி ஊற்றினேன். எத்தனை குவளை என்று எண்ணுவது மரியாதை இல்லை. புளிசேரியை மேரி அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, சுற்றும் பார்த்துவிட்டு, விரலால் வழித்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

எல்லாரும் போனபிறகு மேரி அம்மாளும் மார்ட்டினும் இன்னும் இரண்டு பேரும் சமையலறைக்கு வந்தார்கள். அதிகம் பேசவில்லை. "திங்கள், புதன், வெள்ளி எங்கள் சாப்பாடு. செவ்வாயும் வியாழனும் உங்கள் சாப்பாடு. சம்மதமா?" என்று மேரி கேட்டார். மீனுவைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றார் நாகராஜன். அதுவும் சரி என்றார்கள். "ரசம் மட்டும் எல்லா நாளும்" என்று மார்ட்டின் குறுக்கே சொன்னார். அது தீர்மானமாகவே எழுதப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர்கள் போனதும் சுபா தொட்டியில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். முந்தைய நாளிலிருந்து உறங்காத பெண். கொடு என்றேன், கொடுக்கவில்லை. "இப்பம் எனக்கு ஒறக்கம் வராது" என்றாள்.

சுபாவுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்தது என்று கல்யாணத்தின்போது ஊரே சொன்னது. கல்லூரி வாத்தியார், கௌரவமான வேலை என்று சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்த மனிதரின் உண்மையான உயரம் எனக்குத் தெரிந்தது அந்த மண்டபத்தில், ரசக் கரண்டியோடு அவர் நின்றபோதுதான்.

நாகராஜன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கல்லூரி முதல்வரைக் கூப்பிடப் போனை எடுத்தார். நம் ஊரில் அப்போது இருட்டியிருக்கும். வெளியே போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். எங்கள் நடுவிலேயே நின்று பேசினார்.

"சார், நாகராஜன் பேசுகேன். நல்லா இருக்கேன் சார்... இல்ல சார், வரல்ல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க. எனக்கு இங்க வேலை கெடச்சிட்டு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"டிரஸ்டு இல்ல சார். சமையல்."

சுபா குழாயை மூடினாள். அந்தப் பக்கம் மறுபடி கேட்டிருக்க வேண்டும். நாகராஜன் தொண்டையைக்கூடச் செருமவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"ஆமா சார், சமையல்தான். ஒரு ஊருக்கே ஆக்கிப் போடணும்."